மேட்டபான் டிராலி: வண்டிக்கு நாலரை, நிலையத்தைச் சுற்றிய நிலத்துக்கு இரண்டு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் மாநகரின் தெற்கு ஓரத்தில் ஆஷ்மாண்ட் நிலையத்துக்கும் மேட்டபான் நிலையத்துக்கும் இடையே தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடும் டிராலி (டிராம் வகை வண்டி) சேவையைப் பற்றிய மதிப்புரை இது. எம்பிடிஏ எனப்படும் பொதுப் போக்குவரத்து ஆணையம் நடத்தும் இந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 4.2 கிலோமீட்டர், நிலையங்கள் எட்டு. அவற்றில் நான்கு மில்டன் என்ற புறநகர் ஊருக்குள் இருக்கின்றன. பழைய வண்டிகளில் ஆர்வம் உள்ளவர்கள் இந்தப் பாதையைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வண்டியைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஒரு போக்குவரத்துச் சேவை எங்கே நிற்கிறது, அது நிற்கும் இடத்தில் யாருக்குக் குடியிருக்க இடம் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் தரத்தைச் சொல்ல முடியும் என்பது என் எண்ணம். மில்டன் ஊர் மக்கள் மாநில அரசோடு நீதிமன்றம் வரை போய் நடத்திய வழக்கின் அடியிலும் இந்த டிராலியின் தரம் பற்றிய சர்ச்சையே இருந்தது என்பதால், இரண்டையும் தனித்தனியாக எழுத வழியில்லை.

முதலில் வண்டி. ஆரஞ்சும் வெளிர் மஞ்சளும் பூசிய இந்த வண்டிகள் பிசிசி என்னும் வகையைச் சேர்ந்தவை. 1945, 1946 ஆண்டுகளில் புல்மேன்-ஸ்டாண்டர்ட் நிறுவனம் இதே மாநிலத்தின் வூஸ்டர் நகரில் கட்டியவை. எண்பது வயதைத் தொட்ட வண்டிகள் அருங்காட்சியகத்துக்காக அல்லாமல், காலையில் அலுவலகம் போகிறவர்களுக்காக இன்றும் ஓடுகின்றன. பார்க்கிறவர்களுக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஏறி உட்கார்ந்த பிறகு வேடிக்கை போய்விடுகிறது. மடிப்புக் கதவு சாத்திக்கொள்கிறது, மணி ஒலிக்கிறது, வண்டி எதிர்பார்த்ததைவிட விரைவாக வேகம் எடுக்கிறது. நின்றுகொண்டிருப்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வது நல்லது. பாதை முழுவதும் தனித் தண்டவாளம் என்பதால் கார்களோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் இல்லை. சாலையைக் குறுக்கே கடப்பது சென்ட்ரல் அவென்யூ, கேப்பன் ஸ்ட்ரீட் ஆகிய இரண்டே இடங்களில்தான். முனையிலிருந்து முனைக்குப் பத்து நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

வழியும் அழகானது. ஆஷ்மாண்டில் உயரத்தில் வளைந்து திரும்பும் பாதை கீழே இறங்கி, சீடர் குரோவ் கல்லறைத் தோட்டத்தின் ஊடாகப் போகிறது. இரு பக்கமும் கல்லறைக் கற்கள் சன்னலுக்கு மிக அருகே நகர்ந்து செல்கின்றன. பட்லர் நிலையம் தாண்டியதும் நெபோன்செட் ஆறு குறுக்கிடுகிறது. ஆற்றைக் கடந்தால் மில்டன். அங்கிருந்து கேப்பன் ஸ்ட்ரீட் வரை பாதை ஆற்றங்கரையை ஒட்டியே மேற்கு நோக்கிச் செல்கிறது. பிறகு மறுபடியும் ஆற்றைக் கடந்து பாஸ்டனின் மேட்டபான் பகுதியில் முடிகிறது. மேற்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கச் சன்னலில் ஆறும், அதையொட்டிய மரங்களும், நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் போட்ட பசுமைப் பாதையும் தெரிகின்றன. இடப்பக்கச் சன்னலில் மில்டன் வீடுகளின் கொல்லைப்புறங்கள்: புல்வெளி, ஊஞ்சல், கார் கொட்டகை, வேலி, மறுபடியும் புல்வெளி. இந்த இடப்பக்கக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பயணத்துக்கு 2.40 டாலர், ஆஷ்மாண்டில், நகரின் மையத்துக்குப் போகும் ரெட் லைன் ரயிலுக்கு மாறினால் தனிக் கட்டணம் கிடையாது. 2024 ஆகஸ்ட் முதல் வங்கி அட்டையையோ கைப்பேசியையோ தட்டியே கட்டணம் செலுத்தலாம். அதே ஆண்டு செப்டம்பரில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குப் பாதிக் கட்டணத் திட்டமும் வந்துவிட்டது.

குறைகளும் உண்டு. வண்டி சிறியது, ஒற்றை வண்டியாகவே ஓடுகிறது. வேல்லி ரோடு நிலையத்துக்குப் படிக்கட்டைத் தவிர வேறு வழி இல்லை. சக்கர நாற்காலிக்காரர்களும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களும் அந்த நிலையத்தை மறந்துவிட வேண்டியதுதான். மற்ற நிலையங்களில் சாய்தளமும் உயர்ந்த சிறு மேடையும் இருக்கின்றன. ஆனால் ஓட்டுநர் வண்டியைச் சரியாக அந்த மேடைக்கு நேராக நிறுத்திப் பலகை போட வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். பராமரிப்புக்காகச் சேவையை மொத்தமாக நிறுத்துவதும் இந்தப் பாதைக்குப் புதிதல்ல: ஆஷ்மாண்ட் நிலையத்தைப் புதுப்பித்தபோது 2006 ஜூனிலிருந்து 2007 டிசம்பர் வரை டிராலியே ஓடவில்லை, 2023 அக்டோபரில் தண்டவாளத்தைச் செப்பனிட 16 நாட்கள் நிறுத்தினார்கள். இவற்றுக்காக அரைப் புள்ளியைக் குறைத்து, வண்டிக்கும் பயணத்துக்கும் ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன்.

இனி நிலையங்களைச் சுற்றியுள்ள நிலம். மில்டன் நிலையத்தில் இறங்கி ஆற்றின் பக்கம் திரும்பினால், பெரிய பெரிய செங்கல் கட்டடங்கள் எதிரே நிற்கும். 1765இல் ஆற்று நீரின் விசையைக் கொண்டு சாக்லேட் அரைக்கத் தொடங்கிய தொழில், பேக்கர் சாக்லேட் ஆலையாக வளர்ந்து, இந்தக் கட்டடங்களை நிரப்பியது. 1965இல் ஆலை டெலவேர் மாநிலத்துக்கு இடம் பெயர்ந்தது. ஆலைக் கட்டடங்களில் இப்போது மக்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு டிராலி நிலையம் நடை தூரம். கீழே உணவகம், காப்பிக் கடை எல்லாம் உண்டு. ஆனால் அந்தக் குடியிருப்புகளில் பெரும்பகுதி ஆற்றின் வடகரையில், அதாவது பாஸ்டனின் டோர்செஸ்டர் பகுதியில் இருக்கின்றன. அந்தக் கரையில் குடும்பத்துக்கு ஒரு தளமாக மூன்று குடும்பங்கள் வசிக்கும் மூன்றடுக்கு மர வீடுகளும் தெருத் தெருவாக உண்டு. பாலத்தைக் கடந்து தென்கரைக்கு வந்தால், கடைத்தெருவை ஒட்டிய சில கட்டடங்களைத் தாண்டியதும் ஒரு மனைக்கு ஒரு வீடு, வீட்டைச் சுற்றிப் புல்வெளி என்ற ஒழுங்கு தொடங்கிவிடுகிறது. சென்ட்ரல் அவென்யூவில் கொஞ்சம் அடுக்குமாடிகள் உண்டு. வேல்லி ரோட்டிலும் கேப்பன் ஸ்ட்ரீட்டிலும் இறங்கினால் முழு அமைதி. நிலையத்தின் வாசலிலேயே தனி வீடுகள்.

இது தானாக அமைந்த ஒழுங்கு என்று நினைப்பது தவறு. இந்த வழியில் ரயில் முதலில் ஓடியது 1847இல். டோர்செஸ்டர்-மில்டன் கிளைப் பாதை என்று பெயர். 1929இல் அதே பாதையை டிராலிக்கு மாற்றினார்கள்; ஆகஸ்டில் மில்டன் வரையும் டிசம்பரில் மேட்டபான் வரையும் சேவை தொடங்கியது. ரயில் இருந்ததால்தான் பாஸ்டனில் வேலை பார்ப்பவர்கள் மில்டனில் வீடு கட்டிக் குடியேற முடிந்தது. பிறகு ஊரின் கட்டட விதிகள் பெரும்பாலான நிலத்தைத் தனி வீடுகளுக்கு மட்டும் என்று ஒதுக்கின. அடுக்குமாடி கட்ட நினைப்பவர் ஊர் வாரியத்தின் சிறப்பு அனுமதிக்காக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், வாரியம் மறுக்கலாம். ரயில் அப்படியே ஓடிக்கொண்டிருக்க, அதன் பயனை அடையக்கூடியவர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு போட்டுவிட்டார்கள். இன்று மில்டனில் சாதாரணத் தனி வீட்டின் விலையே பத்து லட்சம் டாலரைச் சுற்றி நிற்கிறது. செவிலியரோ பள்ளி ஆசிரியரோ பத்து நிமிடத்தில் ரெட் லைனைப் பிடிக்கும் இந்த ஊரில் புதிதாகக் குடிவருவது எளிதல்ல.

இந்த நிலையை மாற்றத்தான் 2021 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. எம்பிடிஏ சமூகங்கள் சட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். அப்போது ஆளுநராக இருந்த சார்லி பேக்கர், குடியரசுக் கட்சிக்காரர், அதில் கையெழுத்திட்டார். எம்பிடிஏ சேவை கிடைக்கும் அல்லது அதற்கு அருகில் உள்ள 177 ஊர்கள், ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு பகுதியையாவது பல குடும்ப வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும். அங்கே ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடுகள் கட்ட இடம் தர வேண்டும். விதிகளுக்கு உட்பட்டுக் கட்டுகிறவரிடம் சிறப்பு அனுமதி கேட்கக் கூடாது. முதியோருக்கு மட்டும் என்று வயது வரம்பு போட்டுக் குழந்தைகள் உள்ள குடும்பங்களைத் தவிர்க்கக் கூடாது. ஊரில் நிலையம் இருந்தால் அதிலிருந்து அரை மைல் தொலைவுக்குள் அந்தப் பகுதி அமைய வேண்டும். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான். கட்டியே தீர வேண்டும் என்று சட்டம் யாரையும் சொல்லவில்லை. கட்ட விரும்பும் நில உரிமையாளரைத் தடுக்காதே என்கிறது. எதிர்ப்பாளர்களின் துண்டறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மறுநாளே இத்தனை ஆயிரம் வீடுகள் முளைத்துவிடும் என்ற தொனியில்தான் பேச்சு நடந்தது.

எந்த ஊர் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதைச் சட்டம் எண்ணில் சொல்லாமல் மாநிலத் துறையிடம் விட்டுவிட்டது. துறை ஊர்களை வகை பிரித்தது. விரைவுப் போக்குவரத்து உள்ள ஊர், இருக்கும் மொத்த வீடுகளில் 25 விழுக்காட்டுக்கு இணையான இடத்தை ஒதுக்க வேண்டும்; புறநகர் ரயில் உள்ள ஊருக்கு 15 விழுக்காடு; அருகில் மட்டும் உள்ள ஊருக்கு 10. மில்டனில் 9,844 வீடுகள் என்ற கணக்கில், விரைவுப் போக்குவரத்து ஊர் என்றால் 2,461 வீடுகளுக்கு இடம் வேண்டும். அருகில் உள்ள ஊர் என்றால் ஆயிரத்துக்கும் கீழே போதும். ஆகவே, மேட்டபான் டிராலி விரைவுப் போக்குவரத்தா என்ற ஒரே கேள்வியின் விடையில் கிட்டத்தட்ட 1,500 வீடுகளுக்கான இடம் தொங்கிக்கொண்டிருந்தது. மாநிலத் துறை ஆம் என்றது. மில்டனின் எதிர்ப்பாளர்கள், எண்பது ஆண்டுப் பழைய ஒற்றை வண்டி எப்படி விரைவு ரயிலாகும் என்று கேட்டார்கள்.

சேவையை மதிப்பிட வந்தவன் என்ற முறையில் இதற்கு நானும் பதில் சொல்லியாக வேண்டும். பழைய வண்டி என்பதும் சிறிய வண்டி என்பதும் உண்மை. ஆனால் பயணியின் கண்ணிலிருந்து பார்த்தால் கேட்க வேண்டியவை வேறு: சாலை நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல் போகிறதா, அட்டவணையைப் பார்க்காமலே நிலையத்துக்குப் போய் நிற்கும் அளவுக்கு அடிக்கடி வருகிறதா, நகரின் மையத்துக்குப் போகும் ரயிலோடு ஒரே கட்டணத்தில் இணைகிறதா. மூன்றுக்கும் மேட்டபான் டிராலி ஆம் என்கிறது. பக்கத்தில் உள்ள புரூக்லைன் ஊரைப் பாருங்கள். அங்கே ஓடும் கிரீன் லைன் என்ற எம்பிடிஏ ரயில் பாதையின் சி கிளை, பீக்கன் ஸ்ட்ரீட்டின் நடுவே, போக்குவரத்து விளக்குகளுக்கெல்லாம் நின்று நின்று போகிறது. மேட்டபான் டிராலிக்கு அந்தத் தொல்லை கிடையாது. புரூக்லைனும் விரைவுப் போக்குவரத்து ஊர் என்ற வகையிலேயே வைக்கப்பட்டது. அங்கேயும் கடுமையான வாக்குவாதங்கள் நடந்தன, ஆனால் 2023 நவம்பரில், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அவையான ஊர்க்கூட்டம் பெரும்பான்மையோடு திட்டத்தை ஏற்றுக்கொண்டது. மில்டன்காரர்கள் தங்கள் டிராலியை இவ்வளவு மட்டம் தட்டியிருக்க வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வீடு விற்கும் விளம்பரங்களில் மட்டும் இந்த டிராலி பெருமையோடு இடம் பெறுகிறது.

எதிர்ப்பாளர்களின் மற்றொரு வாதம் இதைவிட வலுவானது. அதை மேலோட்டமாகத் தள்ளிவிட முடியாது. ஊர் தயாரித்த முதல் திட்டம் டிராலி நிலையங்களைச் சுற்றி மட்டும் இடம் ஒதுக்காமல், ஒரு பகுதியைக் கிழக்கு மில்டனில் கொண்டுபோய் வைத்தது. கிழக்கு மில்டன் டிராலியிலிருந்து தொலைவு. 1950களில் தென்கிழக்கு விரைவுச்சாலை அந்தச் சதுக்கத்தைப் பிளந்துகொண்டு பள்ளத்தில் போனதிலிருந்து, அங்கே வாகன நெரிசலும் இரைச்சலும் ஊரின் மற்ற பகுதிகளைவிட அதிகம். விரைவுச்சாலையை ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் எங்கள் தலையில் இதையும் ஏன் ஏற்றுகிறீர்கள், ரயில் எங்கே இருக்கிறதோ அங்கே கட்டுங்கள் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஊரின் செல்வாக்குள்ள தெருக்களைத் தொடாமல் கணக்கை ஒப்பேற்றப் பார்த்தால் இப்படித்தான் முடியும். (நாட்டின் முதல் ரயில்பாதைகளில் ஒன்றான, 1826இல் குவின்சி மலையிலிருந்து கருங்கல் இறக்கப் போட்ட பாதை, கிழக்கு மில்டன் வழியாகத்தான் ஆற்றுக்குப் போனது. அங்கே இப்போது ரயில் இல்லை.)

பள்ளிகளில் இடம் போதாது, மாநிலம் கட்டளை போடுகிறது ஆனால் காசு கொடுப்பதில்லை என்பனவும் அடிக்கடி கேட்ட வாதங்கள். இரண்டாவதில் ஓரளவு பொருள் இருந்தது: 2025 பிப்ரவரியில் மாநிலத் தணிக்கையாளர் டயானா டிஸோக்லியோவின் அலுவலகம் இதை நிதி ஒதுக்காமல் சுமத்தப்பட்ட கட்டளை என்றே சொன்னது. ஆனால் அதை ஆதாரமாக வைத்துச் சில ஊர்கள் தொடுத்த வழக்குகளை அந்த ஆண்டு ஜூனில் நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மில்டனின் ஊர்க்கூட்டம் 158க்கு 76 என்ற கணக்கில் திட்டத்தை ஏற்றது. எதிர்ப்பாளர்கள் கையெழுத்துத் திரட்டி அதைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். 2024 பிப்ரவரி 14 அன்று, ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். மாநிலத்தின் பதில் உடனே வந்தது. கடல் சுவர்ப் பணிக்காக மில்டனுக்கு ஒதுக்கியிருந்த 1,40,800 டாலர் மானியத்தை ஆளுநர் மோரா ஹீலியின் நிர்வாகம் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரியா கேம்பல் அந்த மாதத்திலேயே வழக்குத் தொடுத்தார். கடல் சுவருக்கும் அடுக்குமாடிக்கும் என்ன தொடர்பு என்று மில்டன்காரர்கள் கேட்டார்கள். வாக்குச்சீட்டில் தோற்றவுடன் மானியத்தில் கை வைத்தது சரியான முறை என்று எனக்கும் படவில்லை. வீம்பு பிடித்த ஊரை மேலும் வீம்பு பிடிக்க வைத்ததுதான் மிச்சம்.

2025 ஜனவரி 8 அன்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் செல்லும், அதற்குக் கட்டுப்படுவது ஊரின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல, மானியத்தை இழந்தால் போதும் என்று ஊர் ஒதுங்கிக்கொள்ள முடியாது, அட்டர்னி ஜெனரல் நீதிமன்றத்தின் வழியாகச் செயல்படுத்தலாம். இது அரசுக்கு வெற்றி. ஆனால் ஊர்களை வகை பிரித்து 25, 15, 10 என்று எண் சொன்ன வழிகாட்டுதல்கள் செல்லாது. நிர்வாக நடைமுறைச் சட்டம் கேட்கும் அறிவிப்பும் பிற சடங்குகளும் இல்லாமல் துறை அவற்றை வெளியிட்டுவிட்டது. இது மில்டனுக்கு வெற்றி. மூன்று ஆண்டுகள் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களைக் கெடு சொல்லி விரட்டிய ஒரு துறை, தன் சொந்த வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்யவில்லை என்பது சிறிய விஷயம் அல்ல. தீர்ப்புக்குப் பிறகு ஒரு வாரத்திற்குள், ஜனவரி 14 அன்று, ஏறக்குறைய அதே உள்ளடக்கத்தோடு அவசர விதிமுறைகள் வந்தன; கெடு ஜூலை 14க்குத் தள்ளிப்போனது. மில்டன் விரைவுப் போக்குவரத்து ஊர் என்ற நிலையில் மாற்றம் இல்லை. 2025 ஜூனில் மில்டனின் ஊர்க்கூட்டம் புதிய திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது.

ஆக, விதி மாறிவிட்டது. பிறகு ஏன் நிலத்துக்கு இரண்டு புள்ளி மட்டும் என்று கேட்கலாம். விதி மாறுவதற்கும் வீடு எழும்புவதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. மனை விற்பனைக்கு வர வேண்டும், வங்கிக் கடன் கிடைக்க வேண்டும், கட்டுமானச் செலவுக்கு ஏற்ற வாடகை கட்டுப்படியாக வேண்டும். லெக்சிங்டன் ஊரின் கதையைப் பாருங்கள். அந்த ஊரில் ரயிலே கிடையாது. பேருந்தும் மிதிவண்டிப் பாதையும்தான். இருந்தும் 2023 ஏப்ரலிலேயே, சட்டம் கேட்டதைவிடப் பல மடங்கு நிலத்தைத் திறந்துவிட்டது. ஆயிரம் வீடுகள் அளவுக்குத் திட்டங்கள் வந்து குவிந்தன. ஊரார் மிரண்டுபோய் 2025 மார்ச்சில் ஒதுக்கிய பரப்பைச் சுருக்கிக்கொண்டார்கள். கதவைத் திறந்தால் ஆட்கள் வருவார்கள் என்பதை லெக்சிங்டன் காட்டியது. ரயில் உள்ள மில்டன் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டை வாக்கெடுப்பிலும் வழக்கிலும் கழித்துவிட்டது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் 2,22,000 வீடுகள் தேவை என்று மாநிலமே கணக்குச் சொல்லும்போது, தண்டவாளமும் மின்கம்பியும் நிலையமும் தயாராக இருக்கும் இடத்தில் இத்தனை காலம் புல் வளர்ந்துகொண்டிருந்ததற்குப் புள்ளி குறைக்காமல் இருக்க முடியவில்லை.

ஊரின் தரப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தால் இந்தச் சின்ன வண்டி தாங்குமா என்ற கேள்விக்கு, இன்றைய நிலையில், காலை நெரிசல் நேரத்தில் தாங்காது என்பதே நேர்மையான பதில். கிரீன் லைனில் இப்போது ஓடும் வகை 9 வண்டிகளைப் பின்னர் இங்கே கொண்டுவந்து, பழைய பிசிசி வண்டிகளுக்கு ஓய்வு கொடுப்பதாக எம்பிடிஏ அறிவித்திருக்கிறது. அவை தாழ்தள வண்டிகள், அளவிலும் பெரியவை. ஆனால் கிரீன் லைனுக்குப் புதிய வண்டிகள் வந்து சேர்ந்த பிறகே இவற்றை இங்கே அனுப்ப முடியும். நிலையங்களையும் பாலங்களையும் மின்வசதியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். வீடுகளைக் கட்டச் சொல்லும் அரசும் வண்டிகளை ஓட்டும் அரசும் ஒன்றே என்கிறபோது, மில்டனிடம் கெடு விதித்த அதே கண்டிப்பை இந்த வேலையிலும் காட்டச் சொல்லிக் கேட்பது ஊராரின் உரிமை. பழைய வண்டிகள் போய்விடுமே என்று வருந்தும் ரசிகர்களோடு நான் சேரவில்லை. அவற்றின் படிகளில் ஏற முடியாமல் நிற்கும் முதியவர்களைப் பார்த்தவர்கள் யாரும் சேரமாட்டார்கள்.

இந்தப் பாதையை நம்பி வீடு தேடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முதலில் மில்டன் நிலையத்தைச் சுற்றிய லோயர் மில்ஸ் பகுதியைப் பாருங்கள். ஆற்றின் இரு கரையிலும் வாடகை வீடுகள் இருப்பதால் தெரிவு அதிகம், மளிகை வாங்கவும் காரை எடுக்க வேண்டியதில்லை. சென்ட்ரல் அவென்யூ அடுத்தது; நிலையத்தை ஒட்டியே கடைகள் உண்டு, சாய்தளம் உண்டு, மேட்டபான் வரை ஆற்றங்கரைப் பசுமைப் பாதையில் நடந்தே போகலாம். அமைதி வேண்டும், ஆனால் வாடகைக்கு வீடு கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க முடியும் என்பவர்கள் கேப்பன் ஸ்ட்ரீட்டை முயன்று பார்க்கலாம். கிழக்கு மில்டனில் புதிய அடுக்குமாடி என்று யாராவது காட்டினால், டிராலி நிலையம் வரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் அரை மைல் வட்டத்தில் எந்தெந்த மனைகள் புதிய விதிக்குள் வருகின்றன என்ற வரைபடம் ஊர் அலுவலகத்தில் கிடைக்கும். தரகர் சொல்வதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.